வாசகர் கேள்வி – பதில்: ஐந்து பேர் கூடிப் போரைப் பற்றிப் பேசினால்…

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் வாசிப்பு வட்டத்தைப் பற்றிச் சென்ற இதழில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். போரையும் அரசியலையும் தமிழில் பேசுவதற்கென்று ஒரு வட்டம் இருக்கிறதா என்று வியந்தும், ஐயப்பட்டும், சற்றே கோபப்பட்டும் வந்த கடிதங்கள் மேசையில் குவிந்துவிட்டதால், இந்த மாதப் பகுதியை முழுவதுமாக அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். பெயரை வெளியிட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டார்கள். அதனால் எல்லாருடைய பெயரையும் விட்டு ஊரை மட்டும் குறித்திருக்கிறேன்.

பிறையிலிருந்து ஒரு வாசகி: நான் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்கிறேன். உடன் வேலை செய்யும் நால்வரும் நானும் இரவு ஷிப்ட் முடிந்த ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி, காஸா, உக்ரைன், மியன்மார் செய்திகளைப் படித்துப் பேசத் தொடங்கியிருக்கிறோம். "ஐந்து பேர் பிறையில் உட்கார்ந்து பேசினால் எந்த ஊரில் குண்டு நிற்கப் போகிறது?" என்று என் கணவர் கேட்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

சகோதரி, குண்டு நிற்காது என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுங்கள். ஐந்து பேர் பேசினாலும் நிற்காது, ஐந்து இலட்சம் பேர் தெருவில் இறங்கினாலும் உடனே நின்றுவிடும் என்று சொல்ல முடியாது. 2003 பிப்ரவரி 15 அன்று ஈராக் மீது போர் தொடுக்கக் கூடாது என்று உலகின் பல நூறு நகரங்களில் இலட்சக்கணக்கானோர் ஊர்வலம் போனார்கள். அடுத்த மாதமே படையெடுப்பு தொடங்கியது. அன்று ஊர்வலம் போனவர்களில் பலர் மனமுடைந்து வீட்டோடு இருந்துவிட்டார்கள். ஒருநாள் கூட்டத்தை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு மறுநாள் போய்ச் சேர ஓர் இடம் இல்லை என்பதே அதற்குக் காரணம் என்று நான் நினைக்கிறேன். உங்கள் ஐவருக்கு அந்த இடம் இருக்கிறது.

உங்கள் கணவரிடம் நம் நாட்டுக் கதை ஒன்றையும் சொல்லுங்கள். 2005-இல் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தை மறுஆய்வு செய்வதற்காக நியூயார்க்கில் நடந்த மாநாடு எந்த முடிவும் எட்டாமல் கலைந்தது. அதைக் கண்டு மனம் வெதும்பிய மலேசிய மகப்பேறு மருத்துவர் ரொனால்ட் மெக்காய், அணு ஆயுதப் போரைத் தடுக்கப் பாடுபடும் மருத்துவர் இயக்கத்தில் தம்முடன் இருந்தவர்களுக்கு ஒரு யோசனையை எழுதி அனுப்பினார். கண்ணிவெடியைத் தடைசெய்யும் ஒப்பந்தத்தைப் பொதுமக்கள் அமைப்புகள் முன்னின்று சாதித்ததைப் போல, அணு ஆயுதத்தையும் சட்டத்துக்குப் புறம்பாக்கும் இயக்கம் ஒன்றைத் தொடங்கலாமே என்பது அந்த யோசனை. ஐகேன் என்ற பெயரையும் அவரே முன்மொழிந்தார். அந்த இயக்கம் 2007-இல் மெல்பர்னில் தொடங்கியது. பத்தே ஆண்டுகளில், 2017 ஜூலையில், ஐக்கிய நாடுகள் சபையில் 122 நாடுகள் அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்துக்கு ஆதரவாக வாக்களித்தன. அதே ஆண்டு ஐகேனுக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. மலேசியா 2020 செப்டம்பரில் அந்த ஒப்பந்தத்தை உறுதிசெய்தது, 2021 ஜனவரி 22 முதல் அது நடப்பில் இருக்கிறது. அணு ஆயுதம் வைத்திருக்கும் ஒன்பது நாடுகளில் ஒன்றுகூட அதில் சேரவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அவரே கண்டுபிடித்து உங்களை மடக்குவார். ஆனால் பிள்ளைப்பேறு பார்க்கும் ஒரு மருத்துவர் எழுதிய கடிதம் பன்னிரண்டு ஆண்டுகளில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை அவர் மறுக்க முடியாது.

நிபோங் திபாலிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்: நம் சமூகத்துக்கு வேலைவாய்ப்பு, தமிழ்ப்பள்ளி, அடையாள அட்டை, குறைந்த சம்பளம் என்று ஆயிரம் கவலைகள் இருக்கின்றன. எங்கோ நடக்கும் போருக்கும் மலேசியத் தமிழனுக்கும் என்ன சம்பந்தம்? இளையோரைத் திசைதிருப்புகிறீர்களோ என்று அஞ்சுகிறேன்.

ஐயா, உங்கள் அச்சத்தை நான் மதிக்கிறேன். ஆனால் எங்கோ நடக்கும் போர் என்ற சொல்லைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 1941 டிசம்பர் 11 அன்று ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுன் மீது வந்தபோது, அது வேறு யாருடைய சண்டையோ என்று நினைத்துத்தான் மக்கள் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். குண்டுகள் அவர்கள் மேலேயே விழுந்தன. சில நாள்களில் பிரிட்டிஷ் அதிகாரிகள் ஐரோப்பியர்களை மட்டும் சத்தமில்லாமல் கப்பலேற்றிக்கொண்டு போய்விட, தீவில் எஞ்சியவர்கள் ஆசியர்கள்தாம். கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கியவர் 'ஸ்ட்ரெயிட்ஸ் எக்கோ' ஆசிரியராக இருந்த இலங்கைத் தமிழர் எம். சரவணமுத்து. வெள்ளையர் போய்விட்டனர், இனி இந்த ஊரின் மீது குண்டு போடாதீர்கள் என்று வானொலியில் ஜப்பானியருக்கு அறிவித்தவரும் அவரே. டிசம்பர் 19 அன்று ஜப்பானியப் படை தீவுக்குள் வந்தது. எந்தப் படையிலும் இல்லாத ஒருவர், தம் ஊர் மக்களைக் காப்பதற்காகத் தம் உயிரைப் பணயம் வைத்துச் செய்த அந்தக் காரியத்தை நம் பள்ளிப் பிள்ளைகள் எத்தனை பேர் அறிவார்கள்?

பிறகு வந்தது சயாம் மரண ரயில். அதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நிபோங் திபாலைச் சுற்றியுள்ள தோட்டங்களில் அந்தக் கதை இல்லாத தொழிலாளர் லயம் அரிதாகத்தான் இருக்கும். தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் பாதை போட, மலாயாத் தோட்டங்களிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஜப்பானியர் கொண்டுபோனார்கள். பெரும்பாலோர் தமிழர்கள். சில மாத வேலை, நல்ல கூலி, அரிசி என்று ஆசை காட்டிச் சிலரையும், இலவசப் படக்காட்சி என்று கூப்பிட்டுக் கதவைச் சாத்திச் சிலரையும், லாரியோடு வந்து பால்மரக் காட்டிலேயே வளைத்துச் சிலரையும் கொண்டுபோனார்கள். சரக்கு ரயில் பெட்டிகளில் அடைத்துத் தாய்லாந்தின் பான் போங் வரைக்கும், அங்கிருந்து காட்டு வழியே நடையாகவும் போனவர்களை 1943-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் காலரா வாரிக்கொண்டு போனது. போர்க் கைதிகளாக இருந்த வெள்ளைக்கார வீரர்களுக்கு இன்று காஞ்சனபுரியில் பெயர் பொறித்த வரிசைக் கல்லறைகள் இருக்கின்றன. நம்மவர்களில் பெரும்பாலோர் பெயரில்லாமல் புதைக்கப்பட்டார்கள்.

எங்கள் வட்டத்துக்கு ஒருமுறை எண்பது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர் தம் பேத்தியோடு வந்தார். வந்தவர் கையில் துருப்பிடித்த பழைய மைலோ டின் ஒன்று இருந்தது. பேச்செல்லாம் முடிந்து தேநீர் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், யாரும் கேட்காமலேயே அதைத் திறந்து மேசைமீது கவிழ்த்தார். வாழைமரப் படம் போட்ட ஜப்பான் காலத்துப் பத்து டாலர் நோட்டுகள் ஏழு, நான்காக மடித்தபடி விழுந்தன. மடிப்புகளில் தாள் நைந்து, ஒரு நோட்டு இரண்டாகவே பிரிந்துவிட்டது. அவருடைய தகப்பனார் சயாமுக்குப் போனபோது தோட்டத்தில் கொடுத்துவிட்டுப் போன முன்பணத்தில் அவருடைய தாயார் செலவழிக்காமல் வைத்திருந்தது அது. புருஷன் திரும்பி வந்ததும் அவர் கையிலேயே கொடுக்க வேண்டும் என்று அந்த அம்மாள் ஒரு நோட்டைக்கூடத் தொடவில்லையாம். 1945-இல் பிரிட்டிஷார் திரும்பி வந்து அந்த நோட்டு இனிச் செல்லாது என்று அறிவித்தார்கள். புருஷன் வரவில்லை. "செல்லாத காசுன்னு தெரிஞ்சும் எங்கம்மா வருசா வருசம் தீபாவளிக்கு டின்ன தொடச்சி வைப்பாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, அந்த மூதாட்டி நோட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய மடிப்பிலேயே மடித்து டின்னுக்குள் வைத்தார். அன்று அங்கே இருந்த இளைஞர்களில் ஒருவர், வாரந்தோறும் கைப்பேசியில் காஸாவின் இடிபாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர், வீட்டுக்குப் போய்த் தம் பாட்டியிடம் முதல் முறையாக ஜப்பான்காரன் காலத்தைப் பற்றிக் கேட்டதாக அடுத்த மாதம் வந்து சொன்னார்.

ஐயா, நீங்கள் பட்டியலிட்ட கவலைகளில் ஒன்றையும் நாங்கள் ஒதுக்கவில்லை. அடையாள அட்டை இல்லாதவர் பிரச்சினையும் குறைந்த சம்பளமும் எங்கள் வட்டத்தில் போரைவிட அதிகமாகவே பேசப்படுகின்றன. ஆயுதமில்லாத ஏழைகளின் உயிரை யார் கணக்கில் வைக்கிறார்கள் என்ற ஒரே கேள்விதான் இரண்டுக்கும் அடியில் இருக்கிறது. ஆசிரியராக இருந்த நீங்கள் ஒருமுறை வந்து, உங்கள் வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்து சயாமுக்குப் போனவர்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகர்: என் தாத்தா நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர். அவருடைய படத்துக்கு இன்றும் மாலை போடுகிறோம். போரை எதிர்ப்பது அவரை அவமதிப்பதாகாதா?

ஆகாது. மாலையை எடுக்க வேண்டாம். 1943-இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்தபின் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள், ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த பெண்கள் உட்பட, அந்த ராணுவத்தில் சேர்ந்தார்கள். கூலி என்று அழைக்கப்பட்டவர்கள் முதல் முறையாக நிமிர்ந்து நின்ற காலம் அது என்று அவர்களில் பலர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். அதே சமயம், மரண ரயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்களே என்று பயந்து ராணுவத்தில் சேர்ந்தவர்களும் இருந்தார்கள் என்பதும் வரலாறு. உங்கள் தாத்தா எதற்காகச் சேர்ந்தார் என்பது உங்கள் குடும்பத்துக்குத் தெரிந்திருந்தால் அதை எழுதி வையுங்கள். போரை எதிர்க்கிறவர் வீரரை எதிர்ப்பதில்லை. வேறு வழி இல்லாத நிலைக்கு ஓர் இளைஞனைக் கொண்டுவந்து நிறுத்தியவர்களைத்தான் கேள்வி கேட்கிறார்.

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒரு மாணவர்: எனக்கு 19 வயது. நண்பர்களோடு பாடாங் கோத்தாவில் அமைதிக்காக மெழுகுவத்தி ஏந்தி நிற்க விரும்புகிறேன். போலீஸ் பிடிக்குமா? சட்டம் என்ன சொல்கிறது?

தம்பி, பயந்துகொண்டு சும்மா இருப்பதைவிடச் சட்டத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. பொது இடத்தில் கூடுவதற்கு 2012-ஆம் ஆண்டின் அமைதிப் பேரணிச் சட்டம் பொருந்தும். கூட்டத்துக்கு ஐந்து நாள் முன்னதாக மாவட்டப் போலீஸ் தலைவருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். முன்பு இது பத்து நாளாக இருந்தது, 2019-இல் திருத்தப்பட்டது. இடத்தின் உரிமையாளரிடமோ பொறுப்பாளரிடமோ ஒப்புதல் வாங்கிவிடுவதும் நல்லது, பாடாங் கோத்தா என்றால் அது மாநகர் மன்றத்தின் பொறுப்பு. முன்னறிவிப்புக் கொடுக்காதவருக்குப் பத்தாயிரம் வெள்ளி வரை அபராதம் விதிக்க இடமளித்த பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று கூட்டரசு நீதிமன்றம் 2025 ஜூலை முதல் தேதி தீர்ப்பளித்தது. என்றாலும் அறிவிப்புக் கொடுத்துவிடுவதே நல்லது என்பேன். கொடுத்ததற்கான முத்திரையிட்ட நகல் கையில் இருந்தால், அன்று வரும் அதிகாரியோடு வாக்குவாதம் செய்ய வேண்டியிராது.

உன்னைப் பொறுத்தவரை முக்கியமான ஒரு விஷயம் வயது. 21 வயது ஆகாதவர் ஏற்பாட்டாளராக இருக்கக் கூடாது, கலந்துகொள்ளத் தடையில்லை. ஆகவே கடிதத்தில் கையெழுத்திட, பொறுப்பை உண்மையாகவே ஏற்கக்கூடிய பெரியவர் ஒருவரைத் தேடிக்கொள். வழிபாட்டுத் தலம், பள்ளிக்கூடம், மருத்துவமனை, பெட்ரோல் நிலையம் போன்றவற்றிலிருந்து 50 மீட்டருக்குள் கூடக் கூடாது. ஜார்ஜ் டவுன் பழைய பகுதியில் கோயிலோ மசூதியோ தேவாலயமோ இல்லாத மூலையைக் கண்டுபிடிப்பது எளிதில்லை என்பதால், முன்கூட்டியே போய் அடியளந்து பார்த்துவிடு. குடியுரிமை இல்லாதவர்கள் இத்தகைய கூட்டத்தில் பங்குபெற இந்தச் சட்டம் இடம் தருவதில்லை. உன்னோடு படிக்கும் வெளிநாட்டு மாணவரையோ, மியன்மாரிலிருந்து தப்பி வந்து பினாங்கில் வேலை செய்யும் ரோஹிங்கியா நண்பரையோ அன்புக்காக அழைத்து வம்பில் மாட்டிவிடாதே. நம் நாடு 1951-ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. அதனால் உனக்குச் சிறிய தொல்லையாக முடிவது அவருக்குத் தடுப்பு முகாமாக முடியலாம். போரை நேரில் கண்ட அவருடைய குரலை வீட்டுக்குள் நடக்கும் வட்டத்தில் கேட்போம்.

சட்டத்தைச் சரியாகக் கடைப்பிடித்தாலும் தொல்லையே வராது என்று உனக்கு வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. 2011 ஜூன் 25 அன்று பினாங்கை நோக்கிப் பேருந்தில் வந்துகொண்டிருந்த மலேசிய சோசலிசக் கட்சித் தொண்டர்கள் முப்பது பேர் கப்பளா பத்தாஸ் அருகே கைது செய்யப்பட்டார்கள். அவர்களிடம் இருந்தவை துண்டறிக்கைகளும் டீ-சட்டைகளும். அவர்கள்மீது சுமத்தப்பட்ட ஐயமோ, மாமன்னருக்கு எதிராகப் போர் தொடுத்தார்கள் என்பது. அன்றைய சுங்கை சிப்புட் நாடாளுமன்ற உறுப்பினர் டாக்டர் ஜெயக்குமார் தேவராஜ் உட்பட ஆறு பேர் அவசரகாலச் சட்டத்தில் ஏறக்குறைய ஒரு மாதம் அடைத்து வைக்கப்பட்டார்கள். அந்த அவசரகாலச் சட்டம் இன்று இல்லை. அது இல்லாமல் போனதற்கு வெளியே நின்று மெழுகுவத்தி ஏந்தியவர்களும் ஒரு காரணம்.

செந்தூலிலிருந்து ஒரு வாசகர்: காஸாவுக்காகக் கோலாலம்பூரில் பெருங்கூட்டம் கூடுகிறது. 2009-இல் முள்ளிவாய்க்காலில் நம் மக்கள் செத்தபோது இவர்களில் எத்தனை பேர் வந்தார்கள்? நமக்காக அழாதவர்களுக்காக நாம் ஏன் அழ வேண்டும்? இன்னொன்று, ஈழத்தைப் பற்றி வாயைத் திறந்தால் சொஸ்மா என்ற பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்துகிறார்களே, அதற்கென்ன சொல்கிறீர்கள்?

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். 2009 மே மாதத்தில் நானும் இரவுகளைத் தூக்கமின்றிக் கழித்தவன்தான். பாதுகாப்பு வலயம் என்று அறிவித்துவிட்டு அதற்குள்ளேயே குண்டு வீசினார்கள், மருத்துவமனைகள்மீதும் வீசினார்கள். இறுதிக் கட்டத்தில் நாற்பதாயிரம் பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என்று ஐ.நா. தலைமைச் செயலாளர் நியமித்த நிபுணர் குழு 2011-இல் சொன்னது. அந்த நாள்களில் நம்மைச் சுற்றி இருந்த மௌனம் எப்படி வலித்தது என்று எனக்கும் தெரியும். அதே காரணத்துக்காகத்தான் அந்த மௌனத்தை நான் இன்னொருவருக்குத் திருப்பிக் கொடுக்க விரும்பவில்லை. காஸாவில் பிள்ளையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடும் தாய், முள்ளிவாய்க்காலைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கமாட்டாள். அவள் நமக்குக் கடன்பட்டவள் அல்லள்.

உங்கள் குற்றச்சாட்டில் நியாயமான பாதியும் இருக்கிறது. போரை எதிர்ப்பதாகச் சொல்லும் பலர், தம் இனமோ தம் மதமோ சாகும்போது மட்டும் எதிர்க்கிறார்கள். காஸாவின் பிணங்களை எண்ணுகிறவர் 2023 அக்டோபர் 7 அன்று கொல்லப்பட்ட இஸ்ரேலியப் பொதுமக்களைப் பற்றிப் பேசத் தயங்குகிறார். முள்ளிவாய்க்காலுக்காக அழுகிறவர், 1990-இல் யாழ்ப்பாணத்திலிருந்து சில மணி நேர அவகாசத்தில் விரட்டப்பட்ட தமிழ் பேசும் முஸ்லிம்களைப் பற்றிப் பேசத் தயங்குகிறார். எங்கள் வட்டத்தில் இந்த இரண்டையும் பேசியபோது இரண்டு பேர் எழுந்து போனார்கள். அவர்களில் ஒருவர் திரும்பி வந்தார். மற்றவர் இன்னும் வரவில்லை, அவருடைய நாற்காலியை நாங்கள் மடித்து வைக்கவும் இல்லை. உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: அடுத்த பாலஸ்தீனக் கூட்டத்துக்குப் போங்கள், அங்கே மலாய்க்கார நண்பர் ஒருவரோடு பழகுங்கள், மே மாதம் வரும்போது முள்ளிவாய்க்கால் நினைவுக் கூட்டத்துக்கு அவரை அழையுங்கள். எனக்குத் தெரிந்து அப்படி அழைக்கப்பட்டவர்களில் வர மறுத்தவர்கள் குறைவு. நம்மில் பலர் அழைத்ததே இல்லை என்பதுதான் உண்மை.

சொஸ்மா பற்றி. 2019 அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்ற குற்றச்சாட்டில் பன்னிரண்டு பேர் அந்தச் சட்டத்தில் கைதானார்கள், அவர்களில் இருவர் சட்டமன்ற உறுப்பினர்கள். கைப்பேசியில் இருந்த படங்களும் முகநூல் பதிவுகளும்கூடக் குற்றச்சாட்டுகளில் இடம்பெற்றன. 2020 பிப்ரவரியில் அன்றைய சட்டத்துறைத் தலைவர் எல்லாக் குற்றச்சாட்டுகளையும் மீட்டுக்கொண்டார். ஆனால் இடைப்பட்ட மாதங்களில் தீபாவளி வந்துபோனது, அந்தக் குடும்பங்கள் பட்ட பாட்டை எந்த ஆணையும் மீட்டுத் தராது. விசாரணை இன்றி 28 நாள் வரை தடுத்து வைக்க அனுமதிக்கும் சட்டம் இருக்கக் கூடாது என்பதே என் நிலைப்பாடு. அது இருக்கும்வரை, இறந்த பொதுமக்களை நினைவுகூர்வதையும், பட்டியலிடப்பட்ட ஆயுதக் குழுவின் சின்னத்தை ஏந்துவதையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இப்படிப் பிரிப்பதில் சட்ட எச்சரிக்கையோடு வேறொரு நன்மையும் உண்டு. தாயும் பிள்ளையும் எந்தக் கொடிக்காகவும் சாகவில்லை என்று அப்போது தெளிவாகச் சொல்ல முடிகிறது.

கிள்ளானிலிருந்து ஒரு வாசகி: புஷ்ஷையும் பிளேரையும் குற்றவாளிகள் என்று அறிவித்த கோலாலம்பூர் தீர்ப்பாயத்தால் ஏதாவது பயன் உண்டா? பொருள்களைப் புறக்கணிப்பதால் பயன் உண்டா?

தீர்ப்பாயத்துக்குத் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. முன்னாள் பிரதமர் மகாதீர் முன்னின்று உருவாக்கிய அந்த முயற்சி 2011 நவம்பரில் அளித்த தீர்ப்பு ஓர் அறைகூவல்தான். ஆனால் சித்திரவதைக்கு ஆளானவர்கள் அங்கே வந்து தந்த வாக்குமூலங்கள் பதிவாகியிருக்கின்றன, அது சிறிய காரியமில்லை. அதே மகாதீரின் ஆட்சியில்தான் 1987-இல் லாலாங் நடவடிக்கையின்போது நூற்றுக்கும் மேற்பட்டோர் விசாரணையின்றிச் சிறைப்பட்டார்கள் என்பதையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்நிய நாட்டுக் கொடுமையைக் கண்டிப்பதற்கும் உள்நாட்டில் கருத்துச் சுதந்திரத்தைக் காப்பதற்கும் வெவ்வேறு அளவுகோல் இருக்கக் கூடாது.

புறக்கணிப்பு பயன் தரும், இலக்கு தெளிவாக இருந்தால். இஸ்ரேலின் ஸிம் நிறுவனக் கப்பல்கள் மலேசியத் துறைமுகங்களுக்கு வரக் கூடாது என்று 2023 டிசம்பரில் அரசாங்கம் முடிவெடுத்தது தெளிவான நடவடிக்கை. வாட்ஸ்ஆப்பில் வரும் நீளமான பட்டியலைப் பார்த்து, கடையில் நிற்கும் பிள்ளையைத் திட்டுவது அப்படிப்பட்டதில்லை. அந்தச் சீருடைக்குள் இருப்பது நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

சுங்கை ஆராவிலிருந்து ஓர் இளம் தம்பதியர்: எங்கள் குடியிருப்பில் ஒரு கலந்துரையாடல் வட்டம் தொடங்க ஆசை. எப்படித் தொடங்குவது? முன்பு ஒருமுறை முயன்றோம், மூன்று மாதத்தில் கலைந்துவிட்டது.

ஏன் கலைந்தது என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்து பெரும்பாலான வட்டங்கள் ஒரே காரணத்துக்காகக் கலைகின்றன: இரண்டு மூன்று ஆண்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், மற்றவர்கள் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போகிறார்கள். எங்கள் வட்டத்தின் முதல் ஆண்டில் அந்த ஆண்களில் நானும் ஒருவன். ஒரு சகோதரி நேராகவே சொன்னார், "அண்ணே, நீங்க பேசி முடிக்கிறதுக்குள்ள எனக்கு பஸ்ஸு போயிருது." அன்றிலிருந்து ஒருவருக்கு மூன்று நிமிடம், எல்லாரும் ஒரு சுற்றுப் பேசி முடிக்கும்வரை யாரும் இரண்டாம் முறை பேசக் கூடாது என்ற விதி வந்தது. அந்த விதிதான் வட்டத்தைக் காப்பாற்றியது.

நாளை மாற்றாதீர்கள். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை மாலை ஐந்து மணி என்றால், மூன்று பேர் வந்தாலும் அன்றே நடத்துங்கள். யாருக்கு வசதி, எப்போது வசதி என்று வாட்ஸ்ஆப்பில் கேட்கத் தொடங்கினால் முடிந்தது கதை. ஒருமுறைக்கு நான்கு பக்கத்துக்கு மேல் படிக்கக் கொடுக்காதீர்கள், அதையும் கூட்டத்திலேயே ஒருவர் உரக்கப் படிக்கட்டும். அப்போதுதான் வேலை முடிந்து களைத்து வருகிறவருக்கும், தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கும் வெட்கம் இருக்காது. ஆங்கிலமும் மலாயும் கலந்து பேசுகிறவரைத் திருத்தாதீர்கள், முதலில் அவர் பேசட்டும். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் முறையை ஆண்களும் பெண்களும் மாறி மாறி வைத்துக்கொண்டால், இத்தனை நாள் வராத பெண்கள் வருவார்கள்.

பினாங்குக்கு இந்த வகையில் நல்ல முன்னோடிகள் உண்டு. 1977-இல் சந்திரா முசாபார் முதலான சிலர் இங்கே தொடங்கிய அலிரான், பல இனத்தாரும் ஒரே மேசையில் அமர்ந்து நாட்டு நடப்பைப் பேசும் பழக்கத்தை வளர்த்தது. பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை ஐம்பது ஆண்டுக்காலம் வழிநடத்திய எஸ்.எம். முகம்மது இத்ரிஸ், மீனின் விலையில் தொடங்கிய பேச்சை உலக வணிகத்தின் அநீதி வரைக்கும் கொண்டுபோகத் தெரிந்தவர். அவருடைய வழியை நான் உங்களுக்குப் பரிந்துரைக்கிறேன். உக்ரைன் போரைப் பற்றிப் பேச வேண்டுமானால், 2022-இல் உங்கள் வீட்டில் சமையல் எண்ணெய்க்கும் கோதுமை மாவுக்கும் என்ன விலை கொடுத்தீர்கள் என்று முதலில் கேளுங்கள். ஒவ்வொருவரும் வாய் திறப்பார்கள், அங்கிருந்து கருங்கடலுக்குப் போவது கடினமில்லை.

எதிர்க்கருத்துள்ள ஒருவராவது வட்டத்தில் இருக்க வேண்டும். வலிமையான ராணுவம் இல்லாத நாடு பிழைக்காது என்று சொல்கிறவர் எங்களிடம் ஒருவர் இருக்கிறார், பட்டர்வொர்த் விமானத் தளத்தின் அருகே வளர்ந்தவர். 1971-இல் மலேசியா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் செய்துகொண்ட ஐந்து நாட்டுப் பாதுகாப்பு ஏற்பாட்டைப் பற்றி அவர் அளவுக்குப் படித்தவர் எங்களில் யாருமில்லை. அதே 1971-இல்தான் தென்கிழக்காசியாவை அமைதி, சுதந்திர, நடுநிலை வட்டாரமாக்கும் பிரகடனம் கோலாலம்பூரில் கையெழுத்தானது என்று நாங்கள் சொல்ல, இரண்டும் ஒரே ஆண்டில் எப்படி நடந்தன என்று அவர் கேட்க, அந்த ஒரு கேள்வியைச் சுற்றியே இரண்டு கூட்டங்கள் நடந்தன.

ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு தாயார்: என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. போர்ச் செய்திகளைப் பார்த்துவிட்டு இரவில் தூங்கமாட்டேன் என்கிறான், ஏதாவது செய்ய வேண்டும் என்கிறான். உங்கள் கூட்டத்துக்கு அழைத்து வரலாமா?

வாருங்கள், அம்மா. தெருவில் நடக்கும் பேரணிக்குப் பதினைந்து வயது ஆகாதவரை அழைத்துச் செல்லச் சட்டம் இடம் தராது. நாங்கள் கூடுவது ஒருவருடைய கடைக்குப் பின்னால் உள்ள அறையில், ஆகையால் அந்தத் தடை இங்கே இல்லை. கோரமான படங்களை நாங்கள் காட்டுவதில்லை, வீட்டிலும் கொஞ்ச நாளைக்குக் கைப்பேசியை அவனிடமிருந்து தள்ளி வையுங்கள். அவனுக்கு ஒரு வேலை காத்திருக்கிறது: சயாமுக்குப் போனவர்களின் பெயர்களை வட்டத்துக்கு வருகிறவர்கள் தங்கள் குடும்பங்களில் விசாரித்து வந்து சொல்கிறார்கள், அவற்றை ஒரு கட்டுக் குறிப்பேட்டில் எழுதி வருகிறோம். பெயர், தோட்டம், போன ஆண்டு, திரும்பினாரா என்று நான்கு கட்டங்கள். இதுவரை எழுதிய பெரியவருக்குக் கண்புரை வந்துவிட்டது. உங்கள் மகனின் கையெழுத்து தெளிவாக இருந்தால் நல்ல பேனா ஒன்றும் கொடுத்து அனுப்புங்கள்.